வெளிச்ச வட்டத்துக்குள் செத்த செல்கள்

நம் மைக்ராஸ்கோப் அறைக் கதவில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத்தில் விதிகள் எழுதித் தரும்படி மேடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஒரு பக்கத்தில் எதையும் சொல்லி முடிக்க எனக்கு வராது என்பது அவருக்கும் தெரியும். வருகிற திங்கட்கிழமை முதல் எனக்குப் பெங்களூரில் வேறு வேலை. ஆறு வருடம் இந்த இருட்டறையே கதியென்று கிடந்தவள், இருபத்தொன்பது வயதில் இங்கிருந்து ஓய்வு பெறுகிறேன். புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் கொஞ்சம் உட்காருங்கள். லென்ஸை எப்படித் துடைப்பது, படத்தை எந்தப் பெயரில் சேமிப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் எப்படிச் சொதப்பினேன் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

நான் எஸ்தர், திருத்தணிக்காரி. எம்.எஸ்சி. முடித்த கையோடு இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூடப் படித்தவர்கள் காலை ட்ரெயினில் தொங்கிக்கொண்டு சென்னைக்குப் போக, நான் பத்து நிமிடத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்குவேன். ஊரிலேயே இப்படி ஒரு கருவி, அதற்கு நான்தான் ராணி என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. யார் எட்டிப் பார்த்தாலும் பிடித்து உட்காரவைத்து, "இங்க பாருங்க, உயிரோட இருக்கிற செல்லு!" என்று காட்டுவேன். வாட்ச்மேன் கூடத் தப்பித்ததில்லை.

நீங்கள் படித்ததுதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒளிரும் சாயம் என்பது ஒரு நிற வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வேறொரு நிறத்தில் திருப்பிக் கொடுக்கிற பொருள். நாம் அதிகம் பயன்படுத்துவது செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களில் போய் ஒட்டிக்கொள்ளும் சாயம். பச்சை வெளிச்சம் அடித்தால் சிவப்பாக மின்னும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் வாங்கிய வெளிச்சம் முழுவதையும் அது நமக்குத் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் தலையில் கட்டிவிடும். அந்த ஆக்சிஜனுக்கு வெறி பிடித்துவிடும். செல்லின் சவ்வு, புரதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கடித்து வைக்கும். அளவாகப் போட்ட சாயத்தை மட்டும் செல் தாங்கும். வெளிச்சத்தை மட்டும் தாங்கும். இரண்டும் சேர்ந்து, நேரமும் நீண்டால் தாங்காது. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பரீட்சையில் எழுதுகிற விஷயம் நம் கைக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆகிறது பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். இருப்பதிலேயே அழகான ஒரு செல்லைத் தேடிப் பிடித்து, வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவருக்கும் அதே செல்லைக் காட்டினேன். முதல் பத்துப் பேர் "ஐ!" என்றார்கள். அடுத்த பத்துப் பேர் "ம்" என்றார்கள். கடைசியில் நின்ற ஒரு பெண் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கரண்டு போயிடிச்சா?" என்று கேட்டாள். ஒன்றுமே தெரியவில்லை, ஒரே கறுப்பு. அத்தனை நேரம் வெளிச்சம் பட்டதில் சாயம் முழுக்க வெளுத்துவிட்டது.

அன்று லோகேஷ் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அவனுடையதுதான். அம்மையார்குப்பத்துக்காரன், வீட்டில் ஆறு விசைத்தறி. இங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனால் முதல் வாரத்திலேயே நீ, வா, போ என்றாகிவிட்டது.

"சாயம் போட்ட நூல எங்க வூட்ல வெயில்ல காட்டவே மாட்டோம். நீ இன்னாடான்னா ஒரு மணி நேரம் லைட்ட அடிச்சிகினு கீறே," என்றான்.

"வெளுத்தா இன்னா? வேற செல்லப் பாக்கறது," என்றேன்.

என் தவறு அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. வெளுத்தது சாயம்தானே, செல்லுக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன். அந்தச் செல் உயிரோடு இருக்கிறதா என்று சாதாரண விளக்கில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். கறுத்துப்போன செல்லில் யாருக்கு ஆர்வம்? தட்டைக் கழுவப் போட்டுவிட்டேன்.

லோகேஷின் ஆய்வு ஒரு இலைச்சாறு பற்றியது. செடியின் பெயர் வேண்டாம், பாவம் அது. அதன் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்பது கேள்வி. நானும் அவனும் செய்த முறை இதுதான்: ஒரு தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். எல்லாவற்றிலும் செல்கள், எல்லாவற்றிலும் அதே சாயம். சிலவற்றில் மட்டும் இலைச்சாறு. சாறு ஊற்றாதவை ஒப்பிட்டுப் பார்க்க. அதைத்தான் நாம் கன்ட்ரோல் என்கிறோம். சாறு ஊற்றியவுடன் தட்டை மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுவருவோம். கன்ட்ரோல் குழியில் ஒரு நொடி வெளிச்சம், ஒரு படம், முடிந்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறது? பிறகு சாறு ஊற்றிய குழி. அங்கேதான் வெளிச்சத்தை மறைக்கிற ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல செல்லாகத் தேடி, ஃபோகஸ் பண்ணி, அவனுக்கு வழிகாட்டியான மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டி, வீடியோ எடுத்து... பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம்.

வீடியோ அபாரமாக வந்தது. தட்டையாகப் படுத்திருக்கும் செல் மெல்ல உருண்டு, மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, எங்கள் கண் முன்னாலேயே சாகும். ஒரு நாள் கழித்துச் செத்த செல்களை எண்ணுகிற வேறொரு சோதனையில் மட்டும் எண்ணிக்கை முன்னுக்குப் பின் முரணாக வந்தது. இலை பறித்த பருவம் சரியில்லை, காய்ந்தது போதவில்லை என்று அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். வீடியோவை விட்டுவிட்டு எண்ணிக்கையை யார் நம்புவார்கள்?

அந்த வீடியோவை நம்பித்தான் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டின் பெரிய அத்தியாயம் அதுதான். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் இடம் தருகிறோம் என்று லோகேஷுக்கு எழுதியிருந்தது. சமர்ப்பிக்க நான்கு வாரம் பாக்கி. அவன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான். அவரோ ஊரில் பாதிப் பேரிடம் பையன் வெளிநாடு போகிறான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அப்போதுதான் ஆடிக் கிருத்திகை வந்தது. கல்லூரி விடுமுறை. ஊரே காவடியும் கூட்டமும். லோகேஷ் மட்டும், "செல்லு ரெடியா கீது, நாளைக்கி வெச்சா வீணாயிடும்" என்று போன் பண்ணினான். வழியெல்லாம் வண்டியைத் திருப்பிவிட்டதில் சுற்றிச் சுற்றி வந்து சேரும்போது பதினொரு மணி.

"இன்னா எஸ்தரு, நடந்தா வந்தே?"

"நடந்திருந்தா முன்னாடியே வந்திருப்பேன். ஊத்துடா சாற."

ஊற்றினான். ஊற்றிய மறு நிமிடம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் போடுகிறவர் மொட்டை போட மலைக்குப் போயிருந்தார். செல்களை வெதுவெதுப்பாக வைக்கிற பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடியதால் தட்டை அதற்குள்ளேயே வைத்தோம். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. சாதாரண விளக்கில் பார்த்தேன். சாறு ஊற்றிய குழியில் ஒரு செல் கூடச் சாகவில்லை. எல்லாம் அக்கடா என்று தட்டையாகப் படுத்திருந்தன.

லோகேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாறு கெட்டுப் போயிடிச்சா?"

"இரு, பாப்போம்," என்று பச்சை வெளிச்சத்தைத் திறந்தேன். எட்டாவது நிமிடம் கொப்புளம் கிளம்பியது. பத்தாவது நிமிடம் செல்கள் உருண்டன.

"அப்பாடா!" என்றான். "நைனாக்கு போன் பண்ணிட்டு வந்துட்றேன், காலைலேர்ந்து அடிச்சிகினே இருக்காரு," என்று வெளியே போனான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் சும்மா இருந்த சாறு, நான் பார்க்க ஆரம்பித்ததும் எட்டே நிமிடத்தில் எப்படிக் கொல்கிறது? என்ன தோன்றியதோ, பெரிதாக்கும் லென்ஸைத் தள்ளிவிட்டு, சாதாரண விளக்கில், பரப்பு அதிகம் தெரியும் சின்ன லென்ஸைப் போட்டேன். இத்தனை வருடத்தில் வீடியோ முடிந்த பிறகு நான் அதைச் செய்ததே இல்லை.

குழியின் நடுவில் ஒரு வட்டம். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. வட்டத்துக்குள் எல்லாச் செல்லும் செத்து உருண்டிருந்தது. வட்டத்துக்கு வெளியே, அதே குழியில், அதே சாற்றில் கிடந்த செல்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அந்த வட்டத்தின் அளவு எனக்குத் தெரியும். பெரிதாக்கும் லென்ஸ் வழியாக விழுகிற வெளிச்சத்தின் அளவு அது.

லோகேஷ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். "இன்னா, மூஞ்சி இப்டி ஆயிடிச்சி?"

"பசி," என்றேன். தட்டை வெளியே எடுத்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, மைக்ராஸ்கோப் அறையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால் அந்த ஒரு சொல்தான். நீண்ட நேரம் வெளிச்சம் அடித்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. அவனுக்கு நான்கு வாரம்தான் இருக்கிறது, மேடத்துடன் நாங்கள் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தில் என் பெயரும் இருக்கிறது, ஒருவேளை சாறும் வெளிச்சமும் சேர்ந்து கொல்கிறதோ என்னவோ, உறுதியாகத் தெரியாமல் எதற்கு அவனைக் கலக்குவது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் அதிகாலையிலேயே வந்து மூன்று குழி வைத்தேன். ஒன்றில் சாறு மட்டும், சாயம் இல்லை. ஒன்றில் சாயம் மட்டும், சாறு இல்லை. மூன்றாவதில் இரண்டும். மூன்றுக்கும் பத்து பத்து நிமிடம் வெளிச்சம். சாயம் இல்லாத குழியில் செல்கள் பிழைத்தன. சாயம் இருந்த இரண்டிலும் வட்டம்.

லோகேஷ் வந்ததும் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"இது எது, சாறு ஊத்துனதா?"

"இல்ல. கன்ட்ரோல்."

கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். "சாறு ஊத்தவே இல்லியா?"

"ஒரு சொட்டு கூட இல்ல. சாயமும் லைட்டும்தான். கன்ட்ரோல ஒரு செகண்டு பாத்துட்டு வுட்டுட்டோம் லோகு. சாறு ஊத்துனத மட்டும் பத்து நிமிஷம் பாத்துகினு இருந்தோம். நம்ம எத ஆசையா பாத்தமோ அதான் செத்திச்சி."

தட்டை நகர்த்தி மற்ற இரண்டு குழிகளையும் பார்த்தான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான். "எப்ப தெரியும் உனக்கு?"

"கிருத்திகை அன்னிக்கி."

"பசின்னியே."

"ஆங்."

"நேத்து சாயந்திரம் அந்த ஃபாரின் லேபுக்கு வீடியோவ அனுப்பிட்டேன் எஸ்தரு. புதுசா எடுத்ததுன்னு." எழுந்து நின்றான். "அஞ்சு வருஷமா எலய பறிச்சி, காய வெச்சி, அரைச்சிகினு இருந்தேன். கொன்னது நீயா?" கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அறைந்து சாத்தியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சந்தேகம் வந்த அன்றே சொல்லியிருந்தால் அந்த வீடியோ போயிருக்காது. என் இரண்டு நாள் பயத்துக்கு அவன் கொடுத்த விலை அது. உறுதியான பிறகு சொல்லலாம் என்று நீங்களும் ஒருநாள் நினைப்பீர்கள். வேண்டாம். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லுங்கள். கூட இருப்பவரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கட்டும்.

மறுநாள் அவனே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனான். மூன்று குழிகளையும் நான் எடுத்து வைத்திருந்த படங்களை மேடம் பார்த்தார். திட்டுவார் என்று இருவரும் தயாராக நின்றோம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நானும்தானே பக்கத்துல நின்னு பாத்துகிட்டிருந்தேன், இன்னும் கொஞ்ச நேரம் காட்டுன்னு," என்றார். அப்புறம் லோகேஷிடம், "அங்க நான் எழுதட்டுமா, நீ எழுதுறியா?"

"நானே எழுதுறேன் மேடம்."

அந்தக் கடிதத்தை இந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதினோம். முதலில் 'சில தொழில்நுட்பச் சிக்கல்கள் காரணமாக' என்று ஆரம்பித்தான். படித்துக் காட்டினான். அதைத் திருத்தச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவனே அதை அழித்தான். கடைசியில் நான்கு வரிதான் மிஞ்சியது. அதில் முதல் வரி: 'நான் அனுப்பிய வீடியோவில் செல்களைக் கொன்றது இலைச்சாறு அல்ல, எங்கள் மைக்ராஸ்கோப்பின் வெளிச்சம்.' அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "நைனாக்கு இன்னா சொல்றது?" என்றான். சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டான்.

பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வேலை மட்டும்தான். ஆனால் வேலை ஓடியது. ஒவ்வொரு சாயத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் வரை செல் தாங்குகிறது என்று அளக்க ஆரம்பித்தோம். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம். படம் மங்கலாக வந்தது; வரட்டும் என்று விட்டோம். கன்ட்ரோலுக்கும் அதே நேரம், அதே வெளிச்சம். நீங்கள் வந்த அன்று, குழிகளுக்கு ஏன் வெறும் எண் மட்டும் போட்டிருக்கிறது, எதில் என்ன என்று எழுதவில்லையே என்று கேட்டீர்கள். அது லோகேஷ் கொண்டுவந்த வழக்கம். எந்தக் குழியில் சாறு இருக்கிறது என்று தெரிந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்ப்போம்.

ஒன்பதாம் நாள் காலை அவன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். இடத்தை ஐந்து மாதம் வைத்திருக்கிறோம், ஆய்வேட்டைத் திருத்தி முடித்துவிட்டு வா, முடிந்தால் அந்த வட்டத்தின் படத்தை அனுப்பு, எங்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். "வட்டத்துக்கு ரசிகருங்க சேந்துட்டாங்க," என்றான். கிருத்திகைக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் ஜோக்.

இலைச்சாறு அத்தியாயம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. சாயமும் வெளிச்சமும் செய்கிற கொலை பெரிய அத்தியாயம் ஆயிற்று. நான்காவது மாதம் சமர்ப்பித்தான். வாய்மொழித் தேர்வு நம் கருத்தரங்கக் கூடத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பெரிய இனிப்புப் பெட்டியுடன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் இங்கிலீஷில் நடந்ததால், தேர்வாளர் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் பக்கம் சாய்வார்.

"இன்னா கேக்கறாரு?"

"எல சாறு செல்ல இன்னா பண்ணுதுன்னு கேக்கறாருங்க."

"இவன் இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் பண்ணலன்னு."

நைனா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு வருஷம் படிச்சிட்டு ஒண்ணும் பண்ணலன்னா சொல்றான்? பெயில் பண்ணிடுவாங்களேம்மா!"

"இல்லீங்க. அதான் சரியான பதில்."

மேடையைப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் சாய்ந்தார். "அப்ப அத்தினி செல்லயும் சாவடிச்சது யாரு?"

"நான்தாங்க. லைட்டு அடிச்சிகினே இருந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் வூட்ல வந்து, நான் தப்பு பண்ணிட்டேன் நைனா, அதான் லேட்டாவுதுன்னு சொன்னான். உம் பேரே எடுக்கலியே."

மேடையில் தேர்வாளர், பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். என்னை அறியாமல் கை தூக்கிவிட்டேன். எழுந்து, கேள்வி இல்லை, ஒரு திருத்தம் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். இந்த ஆய்வில் விளக்கைத் திறந்து வைத்திருந்தது நான், அதைக் கண்டுபிடித்த பிறகும் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தது நான், அது எங்கேயாவது பதிவாக வேண்டும் என்றேன்.

லோகேஷ் மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனான்.

"எல்லாருக்கும் தெரியும். ஒக்காரு எஸ்தரு," என்றான், தமிழில்.

மேடம் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நைனா என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, முடிவு அறிவிக்கிற வரைக்கும் பொறுக்காமல், மடியிலேயே பெட்டியைப் பிரித்தார்.